முதல் கஃபே ரேசர்: வெட்டுவதற்கு முன் உட்கார்ந்து பாருங்கள்

"அண்ணா, இதே மாதிரி பண்ணணும்" என்று ஒரு கஃபே ரேசர் (தாழ்ந்த ஹேண்டிலும் ஒற்றை சீட்டுமாக, பந்தய வண்டி மாதிரி மாற்றிய பைக்) படத்தோடு போனை நீட்டுகிற தம்பிகளிடம் நான் முதலில் சொல்வது, "போட்டோவ அப்புறம் பாப்போம். வண்டில ஏறி உக்காரு." வண்டி ஸ்டாண்டில் நிற்க, ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்ள, ஏறி உட்கார்ந்தவரைச் சக்கரத்தின் அச்சு உயரத்தில் குந்தி, நேர்ப் பக்கவாட்டில் ஒரு படம் எடுப்பேன். அந்தப் படத்தின் மேல் மூன்று புள்ளி வைப்பேன். கை பிடிக்கிற இடம், இடுப்பு அமர்கிற இடம், கால் ஊன்றுகிற இடம். மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். கஃபே ரேசர் கட்டுவது என்றால் அந்த முக்கோணத்தை முன்பக்கமாகச் சாய்ப்பது. டேங்க், சீட், பெயின்ட் எல்லாம் அதற்குப் பிறகு வருகிற காரியங்கள்.

கம்பெனியிலிருந்து வருகிற ராயல் என்ஃபீல்டு கிளாசிக்கில் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி முதுகு நிமிர்ந்திருக்கும். கை உயரத்தில், கால் முன்னால். கஃபே ரேசரில் கை தாழ்ந்து முன்னே போகும், இடுப்பு பின்னே போகும், கால் பின்னாலும் கொஞ்சம் மேலேயும் போகும். மூன்றும் சேர்ந்துதான் நகர வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஹேண்டில்பாரை மட்டும் இறக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். கால் பழைய இடத்திலேயே முன்னால் கிடப்பதால் உடம்பின் பாரத்தை அது தாங்காது. முழுப் பாரமும் மணிக்கட்டில் இறங்கும். அரை மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப்போகும், கழுத்து இழுக்கும். பிறகு "கஃபே ரேசர்னாலே இப்படித்தான்" என்று வண்டியை மூலையில் போட்டுவிடுவார்கள். வடிவத்தில் குற்றமில்லை, முக்கோணம் பாதியில் நின்றுவிட்டது.

இந்த வடிவம் அழகுக்காகப் பிறந்ததல்ல. லண்டனில் நார்த் சர்க்குலர் சாலையோரம் 1938-இல் திறந்த ஏஸ் கஃபே, போரில் குண்டு விழுந்து, 1949-இல் மறுபடி கட்டப்பட்டது. லாரிக்காரர்களுக்காக இரவும் பகலும் திறந்திருந்த அந்தக் கடையில்தான் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பைக் பையன்கள் கூடினார்கள். மணிக்கு நூறு மைல், அதாவது 160 கிலோமீட்டரைத் தொடுவதை 'டன்' அடிப்பது என்பார்கள். கையில் காசு குறைவு. அதனால் அன்றாடம் ஓட்டுகிற வண்டியிலிருந்து தேவையில்லாததைக் கழற்றி எறிந்து, பந்தய வண்டிக்காரர்கள் மாதிரி காற்றுக்குக் கீழே குனிந்து ஓட்டினார்கள். நார்ட்டனின் ஃபெதர்பெட் சேஸிஸில் ட்ரையம்ஃபின் இரட்டை சிலிண்டர் எஞ்சினை ஏற்றி 'ட்ரைட்டன்' என்று ஒரு கலப்பினத்தையே உண்டாக்கினார்கள். 1964-இல் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டே கான்டினென்டல் ஜி.டி. 250 என்ற பெயரில் தாழ்ந்த ஹேண்டிலும் நீண்ட டேங்கும் வைத்துத் தொழிற்சாலையிலிருந்தே ஒரு கஃபே ரேசரை விற்றது. அந்தப் பெயரை நம்மூர் என்ஃபீல்டு 2013-இல் 535 சி.சி.யிலும், 2018-இல் 650-லும் மீண்டும் கொண்டுவந்தது. 1955-இல் மெட்ராஸில் வேர்விட்டு, திருவொற்றியூரில் வளர்ந்த குடும்பத்து வண்டிக்கு இந்த உடை அந்நியமில்லை.

அதனால்தான் இந்தக் கட்டுரைக்கு 2009-க்குப் பிறகு வந்த கார்புரேட்டர் கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொள்கிறேன். 346 சி.சி., 70 மில்லிமீட்டர் அகல சிலிண்டரில் 90 மில்லிமீட்டர் நீள ஸ்ட்ரோக், 19.8 குதிரைசக்தி, 28 நியூட்டன் மீட்டர் டார்க். டன் அடிக்கிற வண்டியில்லை. ஆனால் அமைப்பு எளிது, பாகம் எல்லா ஊரிலும் கிடைக்கும், தெருமுனை மெக்கானிக்குக்கும் எஞ்சின் தெரியும். முதல் வண்டிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 2020-க்குப் பிந்தைய பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் பெட்ரோல் இன்ஜெக்ஷனும் சென்சார்களும் இருக்கின்றன. அவற்றை இரண்டாவது வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் செலவழிக்கும் முன் சட்டம்

இதை ஓரமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வண்டியின் நிறம்கூட ஆர்.சி. புக்கில் இருக்கிற விஷயம். பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால்மிதி, சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் சேலைத் தடுப்பு ஆகியவை வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. ஒற்றை சீட் போடும்போது இவை எல்லாமே தொடப்படுகின்றன.

ஆகவே முதலில் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுத்தில் கொடுத்து, எது முடியும், எது முடியாது என்று கேளுங்கள். இன்சூரன்ஸ்காரருக்கும் தெரிவியுங்கள். சொல்லாமல் மாற்றிய வண்டிக்கு விபத்தில் பணம் வராமல் போகலாம். எந்த மாற்றத்துக்கும் வழியில்லை என்றால், சாலைக்குத் தொழிற்சாலைக் கான்டினென்டல் ஜி.டி.யை வாங்குங்கள். கையால் கட்டியதைப் பந்தயத் தடத்துக்கும் கண்காட்சிக்கும் வையுங்கள்.

நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். சேஸிஸில் கட்டிங் வீல் படக்கூடாது. எதைச் செய்தாலும் ஏற்கெனவே இருக்கும் துளையில் போல்ட் போட்டு மாட்ட வேண்டும். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் துடைத்து, எண்ணெய் தடவி, அட்டைப்பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டியைப் பழையபடி ஆக்க முடிந்தால் அது ஒழுங்கான வேலை. சட்டத்துக்கு மட்டுமில்லை, மனசு மாறினாலும், வண்டியை விற்க நேர்ந்தாலும் கைகொடுப்பது அந்தப் பெட்டிதான். சேஸிஸ் எண், எஞ்சின் எண் பக்கம் கிரைண்டரோடு போகவே போகாதீர்கள்.

முதலில் நல்ல வண்டி ஆக்குங்கள்

பழைய வண்டி வாங்குகிறீர்கள் என்றால் ஆர்.சி., கடன் நிலுவை, சேஸிஸ்-எஞ்சின் எண்கள் ஆகிய மூன்றையும் ஒப்பிடுங்கள். பிறகு வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை ஒற்றை விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் 'டொக்' என்று ஒரு பள்ளத்தில் விழுகிற மாதிரி நின்றால் கோன்செட் (ஹேண்டில் திரும்புகிற பேரிங்) போயிருக்கிறது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் போயிருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் போயிருக்கிறது.

இதையெல்லாம் சரிசெய்து, ஒரு மாதம் அப்படியே ஓட்டுங்கள். அழகான சீட்டுக்கு அடியில் புகைகிற எஞ்சின் இருந்தால், கோளாறு பழையதா, நீங்கள் செய்த வேலையால் வந்ததா என்று கண்டுபிடிக்கவே முடியாது. பணத்தில் முதல் பங்கு பேரிங், பிரேக் லைனிங், செயின் செட், டயர், டியூபுக்குத்தான். இந்தக் கட்டத்தில் கைக்காசு தீர்ந்துவிட்டால் கவலைப்படாதீர்கள், நல்ல வண்டி கையில் இருக்கிறது. மீதியை அடுத்த வருஷம் பார்க்கலாம்.

கழற்றுவது

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். போல்ட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். ஜிப் கவரில் போட்டு, "பின் மட்கார்டு, இடது, மேல்" என்று எழுதி ஒட்டுங்கள். இரண்டு வாரத்தில் முடிக்கலாம் என்று தொடங்குகிற வேலை நாலு மாதம் இழுக்கும். அந்த நாலாவது மாதத்தில் இந்தக் கவர்தான் உங்கள் நினைவு. ஒயரிங் கப்ளர்களுக்கும் அப்படியே, மாஸ்கிங் டேப்பில் எண் போட்டு இரு பக்கமும் ஒட்டிவிடுங்கள்.

கோடு

இப்போது கொத்தனார் நூலும் ரசமட்டமும் தேவை. கஃபே ரேசரின் முகம் ஒரே ஒரு கோட்டில் இருக்கிறது. டேங்கின் அடிவிளிம்பும் சீட்டின் அடிவிளிம்பும் சேர்ந்து, தரைக்கு இணையாக ஒரே நேர்கோடாக ஓட வேண்டும். சமதரையில் வண்டியை நேராக நிறுத்தி, ஸ்டீயரிங் தலையிலிருந்து பின்விளக்கு வரும் இடம் வரை நூலைக் கட்டி, ரசமட்டத்தில் சரிபார்த்து, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கிளாசிக்கில் டேங்கின் அடி லேசாகப் பின்னால் சரியும். டேங்கின் பின்புற மவுன்ட்டில் ரப்பர் புஷ்ஷோடு சின்ன ஸ்பேசர் வைத்து ஏற்றினாலே நிறையச் சரியாகிவிடும். புது டேங்க் தேவைப்படாது. ஏற்றியபின் பெட்ரோல் பைப்பு மடங்கவில்லையா, டேங்க் எதிலாவது இடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கத்தை உயர்த்த நீளமான ஷாக் அப்சார்பர் போடச் சொல்வார்கள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கிளாசிக்கின் இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே ஏறக்குறைய 1,370 மில்லிமீட்டர். வண்டியின் பின்பாகம் 25 மில்லிமீட்டர் ஏறினால் முழு வண்டியும் ஏறக்குறைய ஒரு டிகிரி முன்னால் சாயும், ஃபோர்க்கும் அதே அளவு செங்குத்தாகும். ஒரு டிகிரியில் வளைவில் திரும்புவது சுலபமாகும். இரண்டு மூன்று டிகிரி போனால் நேர்ப்பாதையிலேயே ஹேண்டில் ஆடத் தொடங்கும். 25 மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள்.

கையும் காலும்

புல்லட், கிளாசிக் வண்டிகளில் ஹெட்லைட்டைச் சுற்றியிருக்கிற அந்தப் பெரிய அலுமினிய வார்ப்பு வெறும் அழகு மூடியல்ல. ஃபோர்க் குழாய்களின் மேல்நுனியைப் பிடித்துக்கொண்டிருப்பதே அதுதான். அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஃபோர்க் குழாயிலேயே மாட்டுகிற கிளிப்-ஆன் ஹேண்டில் போட வேண்டுமென்றால், அந்த வண்டிக்கென்றே செய்த மேல் யோக் (இரு ஃபோர்க் குழாய்களையும் மேலே சேர்த்துப் பிடிக்கும் தகடு) வேண்டும். லேத்தில் யாரையாவது பிடித்து அலுமினியத் தகட்டில் கடைந்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். முன்சக்கரத்தின் உயிர் அதில் இருக்கிறது.

முதல் வண்டிக்கு என் யோசனை ஏஸ் பார். ஒரே குழாய், முன்னால் போய்க் கீழே வளைந்து பின்னால் திரும்பும். பழைய கிளாம்பிலேயே மாட்டிவிடலாம், வார்ப்பைத் தொட வேண்டாம். ஏஸ் கஃபே காலத்துப் பையன்களுக்கும் இதுவே கட்டுபடியான வழி. மாட்டியதும் மூன்று சோதனை செய்யுங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பும்போது உங்கள் கட்டைவிரலுக்கும் டேங்குக்கும் நடுவே ஒரு விரற்கடையாவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் யு-டர்ன் எடுக்கும்போது விரல் நசுங்கும். எஞ்சினை ஐடிலில் விட்டு அதேபோல் திருப்புங்கள். திருப்பும்போது சத்தம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது. மூன்றாவது, முன்பிரேக் எண்ணெய்க் குப்பி மட்டமாக நிற்க வேண்டும். பார் தாழ்ந்ததால் கேபிளும் பிரேக் ஹோஸும் மிச்சமாகித் தொங்கும். அவற்றை வளைத்துக் கட்டாமல், வேறு வழியில் கொண்டுபோகப் பாருங்கள், அல்லது நீளம் குறைந்ததை வாங்குங்கள்.

கால்மிதியை ஒரு சாணுக்கு மேல் பின்னால் தள்ளாதீர்கள். கால்மிதியைப் பின்னால் நகர்த்தும் ரியர்செட் கிட் வாங்கும்போது, ஏற்கெனவே இருக்கிற துளைகளில் அது மாட்டுகிறதா என்று பாருங்கள். வலப்பக்கம் கிக்கர் சுற்றி வரும் பாதையில் புது மிதி நிற்கும். அதனால் மடக்குகிற மிதியே வேண்டும். கியர் லீவரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கம்பி, இரு முனையிலும் நெம்புகோல்களோடு செங்கோணத்தில் சேர வேண்டும். கோணம் தவறினால் கியர் பாதி விழும், நியூட்ரல் கிடைக்காது. பின்பிரேக் பெடலின் நெம்புகோல் நீளம் பழைய விகிதத்திலேயே இருக்கட்டும். குட்டையாக்கினால் டிரம் பிரேக் பிடிக்க முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டிவரும்.

இப்போது மறுபடி ஏறி உட்காருங்கள். சீட் இருக்கிற இடத்தில் இரண்டு பழைய தெர்மாகோல் துண்டுகளை டேப் போட்டு ஒட்டி, முன்னே பின்னே நகர்ந்து பாருங்கள். முழங்கால் டேங்கின் பள்ளத்தில் உட்கார வேண்டும். கையை ஹேண்டிலிலிருந்து எடுத்துவிட்டுக் குனிந்த நிலையிலேயே பத்து எண்ணும்வரை இருக்க முடிகிறதா? முடிந்தால் பாரத்தைக் காலும் இடுப்பும் தாங்குகின்றன. முடியவில்லை என்றால் இடுப்பு இன்னும் முன்னே வர வேண்டும், அல்லது ஹேண்டில் உயர வேண்டும். சீட்டின் நீளம் எவ்வளவு என்பதை இந்தச் சோதனையில் கிடைக்கிற அளவுதான் சொல்ல வேண்டும்.

சீட்

என் முதல் வண்டியில் இதில்தான் தவறினேன். பின்னால் திமில் மாதிரி மேட்டோடு சீட் கட்டி, பெயின்ட் அடித்து, ரெக்சின் தைத்து முடித்தாயிற்று. ஷெட்டில் நின்றபோது டயருக்கும் சீட்டின் அடிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. அதுவே தாராளம் என்று நினைத்தேன். திண்டிவனம் போகிற வழியில் ஒரு வேகத்தடை. வண்டி இறங்கும்போது பின்னால் 'விர்ர்' என்று ஒரு சத்தம், ரப்பர் கருகிய வாடை. நிறுத்திக் கவிழ்ந்து பார்த்தேன். ஃபைபரின் அடியில் கறுப்பாக ஒரு அரைவட்டம், கை வைத்தால் சுட்டது. பின்விளக்குக்குப் போகும் ஒயரின் தோல் உரிந்து செம்பு மினுங்கியது. அந்த ஒயர் சேஸிஸைத் தொட்டு ஃப்யூஸ் போயிருந்தால் இருட்டில் நடுரோட்டில் விளக்கில்லாமல் நின்றிருப்பேன். டயர் இன்னும் ஒரு கணம் பிடித்திருந்தால் சக்கரமே பூட்டியிருக்கும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வண்டிக்கும் இதைச் செய்கிறேன். ஷாக் அப்சார்பரின் இரு கண்களுக்கும் (இரு முனையிலும் போல்ட் மாட்டுகிற துளைகள்) இடையிலான நீளத்தை அளந்துகொள்ளுங்கள். அதிலிருந்து, பம்ப் ரப்பர் (ஷாக் முழுக்க அமுங்கும்போது முட்டி நிற்கிற ரப்பர்) வரைக்கும் வெளியே தெரிகிற தண்டின் நீளத்தைக் கழியுங்கள். அதுதான் முழுக்க அமுங்கிய நீளம். அந்த நீளத்துக்கு இரும்புப் பட்டையில் இரண்டு துளை போட்டு, இரண்டு ஷாக்கையும் கழற்றிவிட்டு அந்தப் பட்டைகளை மாட்டுங்கள். வண்டி இப்போது மிக மோசமான பள்ளத்தில் இருக்கிற நிலைக்கு வந்துவிடும். இந்த நிலையில் டயருக்கும் சீட்டின் அடிக்கும், ஒயருக்கும், நம்பர் பிளேட்டுக்கும் நடுவே 30 மில்லிமீட்டராவது வேண்டும். சீட்டின் உயரத்தை இந்த அளவு முடிவு செய்யட்டும்.

சீட்டின் பின்முனையைத் தாங்கும் வளைந்த குழாயான பின்வளையத்தை சேஸிஸில் வெல்டிங் வைத்து ஒட்ட வேண்டாம். மட்கார்டும் சீட்டும் மாட்டியிருந்த துளைகளிலேயே போல்ட் ஆகும்படி தனியாக ஒரு சப்ஃபிரேம் (சீட்டைத் தாங்கும் பின்சட்டம்) செய்யுங்கள். 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள குழாய் போதும். துண்டு சேர்க்கிற இடத்தில் வெறுமனே முனையோடு முனை வெல்டிங் வைக்காமல், உள்ளே இறுக்கமாக இறங்கும் இன்னொரு குழாயைச் சொருகி, மேலே துளை போட்டு அதிலும் வெல்டிங் நிரப்பச் சொல்லுங்கள். வண்டியில் வைத்தே வெல்டிங் செய்வதானால் பேட்டரி ஒயரையும் இக்னிஷன் யூனிட்டையும் முதலில் கழற்றிவிடுங்கள்.

ஃபைபர் தட்டை வீட்டிலேயே செய்யலாம். தெர்மாகோலையோ பூக்கடைப் பச்சை ஃபோமையோ செதுக்கி வடிவம் பிடித்து, மேலே பழுப்பு டேப் முழுவதும் ஒட்டி, மெழுகு தேய்த்து, அதன்மேல் ஃபைபர் மேட்டும் ரெசினும் மூன்று நாலு அடுக்கு. ரெசின் கடையில் உங்களுக்கு மூன்று பொருள் கொடுப்பார்கள். ரெசின், கோபால்ட், ஹார்டனர். கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள். தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கி முடித்த பிறகே ஹார்டனரை ஒன்று, ஒன்றரை சதவீதம் ஊற்ற வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிக் குச்சி, தனித்தனிக் குப்பி. நம்மூர் வெயிலில் நடுப்பகலில் கலக்கினால் டப்பாவிலேயே கெட்டியாகிப் புகையும், அதனால் காலை நேரத்தில் சிறிது சிறிதாகக் கலக்குங்கள். கையுறை, கண்ணாடி, முகமூடி போட்டு, மொட்டை மாடியில் செய்யுங்கள்.

ஃபோம் கனமான வகையில் 25 மில்லிமீட்டராவது இருக்கட்டும். படத்தில் தெரிகிற அந்த மெல்லிய பலகை சீட்டுகள் படத்துக்கு மட்டுமே நல்லவை.

ஒயரிங்

டேங்குக்கும் சீட்டுக்கும் அடியில் முக்கோண இடத்தை வெறுமையாக்கி, மறுபக்கம் தெரிகிற மாதிரி செய்வது ஒரு மோகம். என்ஃபீல்டில் அந்த இடத்தில் இருக்கிற பக்கப் பெட்டிகள் எனக்கு அழகாகவே படுகின்றன. பழைய பிரிட்டிஷ் வண்டி என்று காட்டுவதே அந்தப் பெட்டிகள்தான். ஏர் ஃபில்டரும் பேட்டரியும் அவற்றுக்குள்ளேயே இருந்தால் பாதி வேலை மிச்சம். பேட்டரிக்குப் பதில் கெபாசிட்டர் போடலாம் என்பார்கள். செல்ஃப் ஸ்டார்ட் உள்ள வண்டியில் வேண்டாம்.

ஒயரைக் குறைப்பதானால் மெயின் ஹார்னஸை (வண்டியின் முக்கிய ஒயர்க் கட்டு) வெட்டாதீர்கள். வேண்டாத கிளைகளைச் சுருட்டி ஸ்லீவ் போட்டு உள்ளே விட்டுவிடுங்கள். சேர்க்கிற இடமெல்லாம் கிரிம்ப் டெர்மினலோ, ஈயம் வைத்து ஹீட் ஷ்ரிங்கோ. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது முதல் மழை வரைக்கும்தான். புது வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, விளக்கு மங்குகிறது என்று வருகிற பலவற்றில் குற்றவாளி எர்த். பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் ஒயர் உட்காருகிற இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்க, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். முடிந்ததும் எஞ்சினை ஓட்டி, கொஞ்சம் ரேஸ் கொடுத்து மல்டிமீட்டரை பேட்டரியில் வையுங்கள். 13.5-இலிருந்து 14.5 வோல்ட்டுக்குள் இருந்தால் சார்ஜிங் சரி. ரெகுலேட்டர் சூடாகிற பொருள், அதைச் சீட்டுக்குள் அடைக்காமல் காற்றுப்படுகிற இடத்தில் வையுங்கள்.

இண்டிகேட்டர், கண்ணாடி, ஹாரன், பிரேக் லைட் எதையும் விட்டுவிடாதீர்கள். ஹேண்டில் நுனியில் மாட்டுகிற கண்ணாடி இந்த வடிவத்துக்குப் பொருந்தும், பின்னால் வருகிற பஸ்ஸும் நன்றாகத் தெரியும்.

காற்றும் புகையும்

கூம்பு வடிவ ஏர் ஃபில்டரை நேராகக் கார்புரேட்டரில் சொருகத்தான் எல்லோருக்கும் ஆசை. கிளாசிக்கின் கார்புரேட்டரில், காற்று வழியைத் திறக்கிற ஸ்லைடை உங்கள் கேபிள் தூக்குவதில்லை, காற்றழுத்த வேறுபாடுதான் தூக்குகிறது. பெட்டிக்குள் அமைதியாக வந்த காற்று, திறந்த ஃபில்டரில் தாறுமாறாக வரும். எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைந்து காற்று கூடும். பிக்கப் திணறும், சைலன்சர் 'பட்பட்' என்று வெடிக்கும், தலைப்பகுதி கொதிக்கும். பெட்ரோல் வருகிற சின்னத் துளைகளான மெயின் ஜெட்டையும் பைலட் ஜெட்டையும் ஒவ்வொரு அளவாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் ஓட்டிவிட்டு ப்ளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கரி அப்பியிருந்தால் அதிகம், பிஸ்கட் நிறம்தான் சரி. இதற்குப் பொறுமை இல்லையென்றால் பழைய ஃபில்டர் பெட்டியை விட்டுவிடுங்கள்.

சைலன்சரை மாற்றாதீர்கள். 175 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளுக்குத் தயாரிப்பு நிலையில் ஒலி வரம்பு 80 டெசிபல். கடைகளில் தொங்குகிற குழாய்கள் பலவும் அதைத் தாண்டும், புகைச் சான்றும் சிக்கலாகும். தெருவில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும் என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

பிரேக், டயர்

முன் 19, பின் 18 அங்குல அளவை மாற்றாதீர்கள். தடித்த டயர் ஸ்விங் ஆர்மில் உரசும், திரும்புவதும் கனக்கும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியானால் சக்கரத்தையும் சென்சாரையும் தொடவே வேண்டாம். பிரேக் ஹோஸ் கழற்றினால் எண்ணெயைப் புதிதாக ஊற்றி, குமிழி ஒன்றுகூட இல்லாமல் ப்ளீட் செய்யுங்கள்.

பெயின்ட்டுக்கு முன் ஓட்டுங்கள்

எல்லாம் மாட்டியாயிற்று. டேங்க் பழைய நிறத்தில், சப்ஃபிரேம் வெல்டிங் கறையோடு, சீட் வெறும் ஃபைபராக, பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். அப்படியே இருநூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். எது உரசுகிறது, எது ஆடுகிறது, எந்த போல்ட் கழல்கிறது என்பதெல்லாம் இப்போதே தெரியட்டும். பெயின்ட் அடித்த பிறகு ஒரு பிராக்கெட்டை அரை அங்குலம் நகர்த்த வேண்டியிருந்தால் மொத்தமும் மறுபடி.

பிறகு எல்லாவற்றையும் கழற்றுங்கள். சப்ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங். டேங்குக்கு ப்ரைமர், பட்டி, நிறம், மேலே டூ-கே க்ளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கிற நிறமற்ற மேற்பூச்சு). சாதாரண க்ளியர் பெட்ரோல் சிந்தினால் கரையும். பெட்ரோல் இருந்த டேங்கில் வெல்டிங்கோ கிரைண்டரோ வைக்காதீர்கள். காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி இருக்கும், ஒரு பொறி போதும். ஆர்.சி.யில் உள்ள நிறத்திலேயே அடித்தால் ஒரு தலைவலி குறைவு.

மறுபடி மாட்டும்போது இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும், அது உட்கார்ந்த இடத்தின் மேலும் சேர்த்து, மஞ்சள் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். இந்த ஒற்றை சிலிண்டரின் அதிர்வு எதையும் சும்மா விடாது. முதல் ஐம்பது கிலோமீட்டரில் வண்டியை ஓரங்கட்டி, சுற்றி வந்து பாருங்கள். கோடு உடைந்து விலகியிருக்கிற நட்டை இறுக்கி, பழைய கோட்டை அழித்துப் புதிதாக வரையுங்கள். முந்நூறில் இன்னொரு முறை. ரியர்செட் பிராக்கெட், சப்ஃபிரேமின் முன் போல்ட், ஏஸ் பார் கிளாம்ப் மூன்றையும் கோடு சரியாக இருந்தாலும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.